திறப்பு

ஓல்டனில் நவம்பர் என்றால் மூடுபனி.
ஆரே ஆறு ஓடுகிறது என்பதைக்
காதால்தான் நம்ப வேண்டும்.
காலையில் சுவிஸ்காரர் ஆராதித்துப் போன மண்டபம்
பிற்பகல் இரண்டரைக்கு எங்களுடையது.
இடைப்பட்ட நேரத்தில்
வெப்பமூட்டி தானாக அணைந்துவிடும்.

பதினான்கு வருடம் அதைத் திரும்ப மூட்டியவர்
தியோப்பிலஸ் அண்ணர்.
பன்னிரண்டுக்கே வந்து
கதிரைகளை இழுத்துப் போட்டு
ஒலிவாங்கிக்கு பற்றரி மாற்றி
பாட்டுப் புத்தகங்களைத் தலைகீழாக அடுக்கிவைப்பார்.
சொன்னாலும் கேட்கமாட்டார்.

காணிக்கைப் பெட்டியும் அவரிடம்தான் இருந்தது.
ஆயிரத்து இருநூற்று நாற்பது பிராங்.
கசினோ.
கண்டுபிடித்தவன் நான்.
காசு எண்ணுகிறவனும் கூட்டக் குறிப்பு எழுதுகிறவனும் நான்தான்.
என் தசமபாகம்
மொத்தச் சம்பளத்திலா, கையில் வருவதிலா என்று
இதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பெட்டியையும் திறப்பையும் வாங்கிக்கொண்டோம்.
மூன்று ஞாயிறு
திறப்பு என் சட்டைப்பையில் கிடந்தது.
முதல் ஞாயிறு பிந்தினேன்.
அடுத்ததில் எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.
மூன்றாவதில் போதகரின் ஆமென்
வெண்புகையாய் வாயிலிருந்து வந்ததைப் பார்த்துப்
பிள்ளைகள் சிரித்தார்கள்.
அன்று காணிக்கையில் பெயரில்லாத ஓர் உறை.
அறுபது பிராங். மூலையில் ‘கடன்’ என்று
இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.
அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.
நான் என் உறையில்
பெயரைப் பெரிதாக எழுதுகிறவன்.

நாலாம் கிழமை கூட்டம்.
அவரும் வந்திருந்தார், ஈரச் சப்பாத்தோடு,
கதவோரக் கதிரையில்.
‘யூதாசிடமும் பணப்பை இருந்தது’ என்றார் ஞானரட்ணம்.
குறித்துக்கொண்டேன்.
‘சூது விட்டாச்சோ?’ என்றார் போதகர்.
பொய் சொல்லியிருக்கலாம்.
நாங்கள் எல்லோரும் நம்ப ஆயத்தமாக இருந்தோம்.
‘குறைச்சிருக்கிறன் ஐயா.
போன மாதம் ஒருக்கால் போனனான்.’
ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

மூலையில் கடதாசிக் கப் எண்ணிக்கொண்டிருந்த
சலோமி அக்கா,
எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாதவ,
எண்ணுவதை நிறுத்தாமலே கேட்டா:
‘பேதுருவிட்ட திறவுகோலைக் குடுத்தது
மறுதலிக்க முந்தித்தானே?
நாப்பத்தொண்டு, நாப்பத்திரண்டு,
சேவல் கூவினாப் பிறகு
ஆண்டவர் அதைத் திருப்பிக் கேட்டதா
எங்கையும் எழுதிக் கிடக்கோ?’

யாரும் வேதப்புத்தகத்தைப் புரட்டவில்லை.
ஞானரட்ணம் தொண்டையைச் செருமினார்:
‘அது பரலோகத் திறப்பு. இது மண்டபத் திறப்பு.’
‘ஓம், இது சின்னத் திறப்புத்தானே’ என்றா அக்கா.
‘அறுபது கப்தான் இருக்கு. காணாது.’

இப்படித்தான் முடிந்தது:
பெட்டி இனி அவரிடம் இல்லை.
எண்ணும்போது எப்போதும் இருவர்.
வியாழன் தோறும் கடன் ஆலோசகரிடம்
அவரோடு யாராவது போகவேண்டும்.
யார் என்று கேட்டபோது
உயர்ந்திருந்த ஒரே கை என்னுடையது.
எப்போது உயர்த்தினேன் என்று இன்றும் தெரியாது.
திறப்பு அவரிடம்.

குறிப்பில் ‘தீர்மானம் மூன்று’ என்று எழுதி
அடுத்த சொல்லுக்காக வெகுநேரம் இருந்தேன்.
‘மன்னிக்கப்பட்டது’ என்றால்
நாங்கள் மன்னித்த மாதிரி ஆகிவிடும்.
‘வெப்பமூட்டி: தியோப்பிலஸ்’ என்று மட்டும் எழுதினேன்.

அவர் நன்றி சொல்லவில்லை.
பழைய வளையத்தில் கோர்க்கும்போது விரல் நடுங்கித்
திறப்பு இரண்டு முறை விழுந்தது.
இரண்டாம் முறை இருவருமே குனிந்து
தலையை முட்டிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு
பனிக்குள்ளிருந்து கதவைத் தள்ளி நுழைந்தேன்.
உள்ளே நல்ல வெக்கை.
கண்ணாடி சட்டென்று வெளுத்தது.
தலைகீழாய்ப் புத்தகங்கள் இருக்கும் திசை தெரிந்தது,
நிழல்களாய்ச் சிலர்.
அவர்களில் யார் எவரென்று
துடைத்தால்தான் தெரியும்.
நான் அவசரப்படவில்லை.